குட்டி அறையில் ஒளித்ததைப் பெரிய அறையில் தேடுமா? மாதிரி, படம், பொம்மை பற்றி ஓர் இழை

மழலை_மேசை

மழலையர் பள்ளி ஒன்றில் 2½ முதல் 3½ வயது வரையுள்ள 20 பேருக்கு 'மாதிரி அறை' விளையாட்டை நடத்தத் திட்டம். அறையின் குட்டி மாதிரியில் ஒரு பொம்மையை ஒளித்துக் காட்டிவிட்டு, நிஜ அறையில் அதே இடத்தில் இருக்கும் பெரிய பொம்மையைத் தேடச் சொல்வது. மூன்று கேள்விகள். மாதிரியை எந்த அளவில் செய்வது? ஒரு குழந்தைக்கு எத்தனை முறை? விளக்கு எரிகிற, கதவு திறக்கிற மர பொம்மை வீடு கைவசம் இருக்கிறது, அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா? பிடித்த சாமானாக இருந்தால் கவனம் நிற்கும் என்பதுதான் எண்ணம்.

ஏழிலொன்று

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். காரணம் நீளம், பின்னால் வருகிறேன்.

இந்த விளையாட்டை அமைத்தவர் ஜூடி டிலோச். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது செய்தது. 1987இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. இரண்டு குழுக்கள். ஒன்று இரண்டரை வயதை ஒட்டியது, மற்றது மூன்றைத் தாண்டியது. நடுவில் ஆறேழு மாதம்தான் இடைவெளி. பெரியவர்கள் நான்கில் மூன்று தடவைக்கு மேல் முதல் தேடலிலேயே எடுத்துவிட்டார்கள். சின்னவர்களுக்கு ஐந்தில் ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை. மெல்ல மெல்ல ஏறுகிற திறமை என்று எதிர்பார்த்த இடத்தில் இப்படி ஒரு தாவல் வந்ததுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

அளவு: ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வசதி. 4 மீட்டர் அறைக்கு மாதிரி 57 செ.மீ. வரும், 70 செ.மீ. உயர அலமாரிக்கு 10 செ.மீ. ஃபோம் போர்டு போதும். மூன்று சுவர், மேல்பக்கம் திறப்பு. ஒளிக்க நான்கைந்து இடம் வேண்டும்: அலமாரிக்குப் பின்னால், கூடைக்குள், தலையணைக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், சுருட்டிய பாய்க்குள். மாதிரியைப் பக்கத்து அறையிலோ தாழ்வாரத்திலோ வையுங்கள், நிஜ அறையில் வாசல் எந்தத் திசையோ மாதிரியிலும் அதே திசை. துணி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பெரிய தலையணை உறை தைத்த துணியின் மிச்சத்திலேயே குட்டி உறையும் தைக்க வேண்டும். பெரியது நீலம், குட்டி பச்சை என்று போனால் மூன்று வயதுக் குழந்தைகூடத் தடுமாறும்.

நடத்தும் முறை:

1. அறிமுகம். "இது பெரிய நாய், இது குட்டி நாய். இது பெரிய நாயோட பெரிய ரூம், இது குட்டி நாயோட குட்டி ரூம். ரெண்டு ரூம்லயும் ஒரே மாதிரி சாமான் இருக்கு." பிறகு குட்டி அலமாரியைக் கையில் எடுத்துப்போய் நிஜ அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் இப்படி. இந்தக் கட்டத்தைச் சுருக்கினால் மொத்த விளையாட்டும் வீண். இரண்டு அறையும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது என்று வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டால் மூன்று வயதினரின் மதிப்பெண்ணும் சரிந்துவிடும்.

2. ஒளித்தல். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கக் குட்டி நாயை மாதிரியில் ஒளியுங்கள். "இங்க ஒளியுது பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். "அலமாரிக்குப் பின்னாடி" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அது மாதிரியைப் பற்றிய சோதனையாக இருக்காது, குழந்தை சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

3. முதல் தேடல். பெரிய நாயை உதவியாளர் ஏற்கெனவே நிஜ அறையில் அதே இடத்தில் ஒளித்திருக்க வேண்டும். "குட்டி நாய் எங்க ஒளிஞ்சுதோ அங்கதான் பெரிய நாயும் இருக்கு, போய் எடு." குழந்தை முதலில் கைவைக்கும் இடம் மட்டுமே கணக்கு. தவறினால் கோடிகாட்டிக் கண்டுபிடிக்க வையுங்கள், ஆனால் தாளில் தவறு என்றே எழுதுங்கள்.

4. இரண்டாம் தேடல். திரும்பி வந்து மாதிரியில் குட்டி நாயை எடுக்கச் சொல்லுங்கள். பலரும் விட்டுவிடுகிற படி இது.

ஒரு குழந்தைக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் வேறு இடம்.

கேள்விக்குறி

இதில் குறியீடு, பிரதிநிதித்துவம் என்றெல்லாம் பெரிய பேச்சு எதற்கு? இரண்டரை வயதுப் பிள்ளை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதற்குள் மறந்துபோகிறது. அவ்வளவுதானே?

ஏழிலொன்று

இரண்டாம் தேடல் இருப்பதே இந்தக் கேள்விக்காகத்தான். இரண்டரை வயதினர் நிஜ அறையில் தவறிவிட்டுத் திரும்பி வந்து, மாதிரியில் குட்டி நாயை மூன்று வயதினருக்கு நிகராக எடுத்துவிட்டார்கள். எங்கே ஒளித்தோம் என்பது நினைவில் இருக்கிறது. அந்த நினைவுக்கும் பக்கத்து அறைக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் தெரியவில்லை. அந்தக் குழந்தைக்கு மாதிரி என்பது தன்னளவில் ஒரு சுவையான விளையாட்டுச் சாமான், அவ்வளவே.

டிலோச்சின் விளக்கம் இது: மாதிரியைப் பயன்படுத்த வேண்டுமானால் ஒரே பொருளை ஒரே நேரத்தில் இரண்டாகப் பார்க்க வேண்டும். அதுவாகவும் பார்க்க வேண்டும், வேறொன்றின் அடையாளமாகவும் பார்க்க வேண்டும். பொருள் எவ்வளவுக்கு எவ்வளவு கையைப் பிடித்து இழுக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு இரண்டாவது பார்வை கடினம்.

கேள்விக்குறி

அழகான விளக்கம்தான். நிரூபணம்?

ஏழிலொன்று

மூன்று பக்கத்திலிருந்து வருகிறது.

ஒன்று, மாதிரியின் கவர்ச்சியைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று வயதினரை முதலில் 5 முதல் 10 நிமிடம் மாதிரியோடு இஷ்டப்படி விளையாட விட்டு, பிறகு தேடச் சொன்னால் மதிப்பெண் இறங்கியது. அந்த விளக்கு எரிகிற பொம்மை வீடு வேண்டாம் என்றது இதனால்தான். அதற்கும் நிஜ அறைக்கும் சாமான் பொருந்தாது என்பது தனிக்கதை.

இரண்டு, கவர்ச்சியைக் குறைத்துப் பார்த்தார்கள். மாதிரியைக் கண்ணாடிக்குப் பின்னால், கை எட்டாமல் வைத்தபோது இரண்டரை வயதினர் வழக்கத்தைவிட நன்றாகத் தேடினார்கள். தொட விடாததால் லாபம்! 'தொட்டு உணர்ந்தால்தான் குழந்தை கற்கும்' என்று போகிற இடமெல்லாம் முழங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. 1997இல் டிலோச், மில்லர், ரோசென்கிரன் மூவரும் செய்தது. கூடாரம் போன்ற ஓர் அறை. பொருட்களைச் சுருக்கும் இயந்திரம் என்று சொல்லி ஓர் அலைகாட்டிக் கருவியை (மின் அலைகளைத் திரையில் கோடாகக் காட்டுவது) காட்டுகிறார்கள். முதலில் ஒரு பொம்மையை அதன் முன் வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவை மூடிக்கொள்கிறார்கள். உள்ளே இயந்திரச் சத்தம். திரும்பி வந்தால் அதே போன்ற குட்டிப் பொம்மை நிற்கிறது. குழந்தைகளுக்குச் சந்தேகமே வரவில்லை. அடுத்து பெரிய கூடாரத்தில் பொம்மையை ஒளித்துவிட்டு கூடாரத்தையே 'சுருக்குகிறார்கள்'. கூடாரம் நின்ற இடத்தில் இப்போது குட்டி மாதிரி. இரண்டரை வயதினர் நேராகப் போய் எடுத்துவிட்டார்கள்.

வழக்கமான சோதனையில் தவறுகிற அதே வயது. இரண்டு இடத்துக்கும் உள்ள பொருத்தமும் அதே பொருத்தம். என்ன மாறியது? சுருங்கிய அறை என்றால் அது அதே அறை. ஒன்று மற்றொன்றைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டிய வேலையே இல்லை. அந்த வேலை போனதும் தடுமாற்றமும் போய்விட்டது.

கேள்விக்குறி

சரி, சுருக்கும் இயந்திரத்துக்காகவே ஒப்புக்கொள்கிறேன்.

செப்புச்சாமான்

ஓர் எச்சரிக்கை. பொம்மை செய்கிறவர்கள் தினமும் பார்க்கிற விஷயம், ஆராய்ச்சிக் கட்டுரை படித்துவிட்டுச் செய்கிறவர்கள் தவறவிடுவது. ஏழில் ஒரு பங்கு என்றால் 15 செ.மீ. நாய்க்குக் குட்டி 2 செ.மீ.தான் வரும். 3 வயதுக்குட்பட்டவர் கையில் அது தொண்டையில் சிக்குகிற பொருள். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளை உண்டு. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. எனவே பெரிய நாயை 35 செ.மீ.க்கு எடுங்கள், குட்டி 5 செ.மீ. வரும், அதுவும் அந்த உருளைக்குள் அடங்காத பருமனில் இருக்க வேண்டும். தேங்காய் நார், பாசிமணிக் கண் எல்லாம் வேண்டாம், கண்ணை நூலால் தைத்துவிடுங்கள். மாதிரிச் சாமான்களில் ஆணி, காந்தம் கூடாது. அலமாரிக் கதவைத் திறக்கிற மாதிரி செய்யாமல் வெறும் கோடாக வரைந்துவிட்டால் பாதுகாப்பும் ஆயிற்று, ஏழிலொன்று சொல்கிற 'இழுப்பும்' குறையும்.

மழலை_மேசை

பொம்மை வீட்டைக் கைவிட்டாயிற்று. குட்டி நாய் 5 செ.மீ. அடுத்த கேள்வி: இரண்டரை வயதினர் பாதிப்பேர் இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் தவறப்போகிறார்கள் என்று தெரிந்தே நடத்துவதா?

ஏழிலொன்று

அவர்களுக்குப் படத்தில் தொடங்குங்கள். நிஜ அறையின் நிழற்படத்தைக் காட்டி, "நாய் இங்க இருக்கு" என்று படத்தில் தொட்டுக் காட்டிவிட்டு அனுப்பினால் இரண்டரை வயதினர் நன்றாகவே தேடுகிறார்கள். முப்பரிமாண மாதிரி எளிது, தட்டைப்படம் கடினம் என்று நாம் நினைப்போம். நடப்பது நேர்மாறு. படத்தை வைத்துக்கொண்டு விளையாட ஒன்றுமில்லை. அது இன்னொன்றைக் காட்டுவதற்கென்றே இருக்கிற பொருள். 24 மாதத்தில் படமும் கைகொடுப்பதில்லை, அதையும் நினைவில் வையுங்கள்.

இதில் ஒரு லாபமும் உண்டு. முதல் நாள் படம், அடுத்த நாள் மாதிரி என்று போனால் இரண்டரை வயதினர் மாதிரியிலும் தேறுகிறார்கள். ஒரு குறியீட்டைப் பிடித்த குழந்தைக்கு அடுத்தது கொஞ்சம் இளகுகிறது.

தவறுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. நான்கு இடம் இருந்தால் குருட்டாம்போக்கில் நாலில் ஒன்று சரியாக வரும் என்று கணக்குப் போடுவீர்கள். அதற்கும் கீழே போனால் பயப்பட வேண்டாம். போன தடவை நாய் கிடைத்த இடத்துக்கே குழந்தை மறுபடி போகும். அதனால் மதிப்பெண் தாளில் சரி, தவறு என்று மட்டும் எழுதாமல் எந்த இடத்தில் தேடியது என்று எழுதுங்கள். 'கூடை, கூடை, கூடை' என்று வரிசையாக வந்தால் அந்தக் குழந்தை மாதிரியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று, நேரம். ஒளித்த 10 முதல் 20 விநாடிக்குள் அறைக்குள் விட வேண்டும். முதல் தடவையே 5 நிமிடம் காக்கவைத்த மூன்று வயதினர் அந்தத் தடவை தவறியதோடு நிற்கவில்லை, பிறகு உடனுக்குடன் அனுப்பியபோதும் தவறினார்கள். குறுகிய இடைவெளியில் தொடங்கியவர்கள் பின்னால் காத்திருப்பையும் தாங்கினார்கள். எனவே நடுவில் 'சிறுநீர் போகணும்' என்று கிளம்பினால் அந்தத் தடவையை அடித்துவிட்டுப் புதிதாக ஒளியுங்கள். தொடங்குமுன் ஒருமுறை கூட்டிப்போய்விடுவது அதைவிட உத்தமம்.

சொல்வளர்

பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் பக்கத்திலிருந்து. படம் பற்றி வந்ததால் சேர்க்கிறேன். அதிகம் வருகிற கேள்வி: "9 மாசக் குழந்தை புத்தகத்துல இருக்குற பந்தை நகத்தால சுரண்டி எடுக்கப் பாக்குது, புத்தியில ஏதாவது குறையா?" குறையில்லை. 1998இல் வெளியான ஆய்வு ஒன்றில் 9 மாதக் குழந்தைகளிடம் தனித்தனிப் பொருட்களின் வண்ண நிழற்படம் கொடுத்தபோது தடவினார்கள், தட்டினார்கள், கிள்ளி எடுக்கப் பார்த்தார்கள். ஐவரி கோஸ்ட்டில் பெங் இன மக்கள் வாழும் ஊரிலும் அந்த வயதுக் குழந்தைகள் இதையே செய்தார்கள். 19 மாதத்தில் கிள்ளுவது பெரும்பாலும் போய், சுட்டிக்காட்டுவது வந்துவிடுகிறது. படம் நிஜம்போல இருக்க இருக்கச் சுரண்டலும் அதிகம், வெறும் கோட்டோவியத்தில் குறைவு.

இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. படத்தில் இருப்பது இன்னது என்று அடையாளம் காண்பதற்குப் பயிற்சியே வேண்டாம். 1962இல் ஹாக்பெர்க், புரூக்ஸ் தம்பதியர் தங்கள் மகனை 19 மாதம்வரை முடிந்தமட்டும் படமே கண்ணில் படாமல் வளர்த்துவிட்டுக் கோட்டோவியத்தையும் நிழற்படத்தையும் காட்டினார்கள். பெரும்பாலானவற்றுக்குப் பெயர் சொல்லிவிட்டான். (இன்றைக்கு இதற்கு எந்த ஆய்வு நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது.) அடையாளம் காண்பது வேறு, படம் என்கிற சாமானை என்ன செய்வது என்று தெரிவது வேறு. இரண்டாவதுதான் மெதுவாக வருகிறது. 18 மாதக் குழந்தை படப்புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பார்ப்பதும் இதில் சேர்த்திதான்.

மழலை_மேசை

சொல்வளர் மேடம், படஅட்டை வைத்துச் சொல்லித் தருகிறோம். குழந்தை கற்றது அட்டையையா பொருளையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சொல்வளர்

அதற்கு ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. 2004இல் பிரைஸ்லர், கேரி இருவரும் செய்ததன் சுருக்கம். அவர்கள் முட்டை அடிக்கிற கம்பிக் கடைப்பானைப் பயன்படுத்தினார்கள். நம் வீட்டுச் சாமானில் குழந்தைக்குப் பெயர் தெரியாத, கையைக் கிழிக்காத ஒன்று வேண்டும். மத்து நல்ல தேர்வு. பாக்குவெட்டி வேண்டவே வேண்டாம்.

மத்தின் கோட்டோவியம் ஒன்றைக் காட்டி "இது மத்து" என்று பல தடவை, பேச்சுவாக்கில் சொல்லுங்கள். "மத்து எங்க?" என்றால் அட்டையைத் தடுமாறாமல் காட்டுகிற வரை. அப்புறம் அதே அட்டையையும் நிஜ மத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மத்தைக் காட்டு" என்று கேளுங்கள். மத்து என்பது அந்த அட்டைக்கு ஒட்டின பெயர் என்று மட்டும் கற்றிருந்தால் குழந்தை அட்டையைத் தொடும், ஏனென்றால் பெயர் காதில் விழுந்தபோதெல்லாம் கண்ணெதிரே இருந்தது அட்டைதான். ஆய்வில் 18 மாத, 24 மாதக் குழந்தைகள் நிஜப் பொருளைக் காட்டினார்கள், அல்லது இரண்டையும் காட்டினார்கள். அட்டையை மட்டும் காட்டியது அரிது.

நிஜ மத்தைக் குழந்தை இதற்குமுன் பார்த்திருக்கக் கூடாது. புதுசு என்பதாலேயே அதை எடுக்கிறதா என்ற சந்தேகம் வரும். அதற்கு, வேறு பழகிய படத்தையும் வேறு புதிய பொருளையும் வைத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஆட்டிசம் உள்ள, பேச்சு அதிகம் வராத குழந்தைகளில் சிலர் அட்டையை மட்டும் தொடுவார்கள். அப்படியிருந்தால் அட்டைப் பரிமாற்றப் பயிற்சியை (படஅட்டையைக் கொடுத்துப் பொருளைக் கேட்டு வாங்குவது) நிறுத்திவிட வேண்டியதில்லை. கோட்டோவியத்துக்குப் பதில் வண்ண நிழற்படம், ஒரே பொருளுக்கு ஒரே அட்டை என்றில்லாமல் மூன்று நான்கு வேறு வேறு படங்கள், ஒவ்வொரு தடவையும் பொருள் கைக்கு வந்து சேர்வது, இந்த மூன்றையும் மாற்றிப் பாருங்கள். ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அஆஇஈ

ஒன்றாம் வகுப்புக்காரர்களுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. அரிச்சுவடி விளக்கப்படத்தில் அ பக்கத்தில் அணில், ஆ பக்கத்தில் ஆடு. குழந்தை 'ஆ' எழுத்தைத் தொட்டு "ஆடு" என்று வாசிக்கும். எழுத்து தெரிந்துவிட்டது என்று நாம் மகிழ்வோம். படத்தைக் கையால் மறைத்துவிட்டுக் கேளுங்கள், பாதிப்பேர் விழிப்பார்கள். நம் அரிச்சுவடியில் இன்னும் வேடிக்கை 'ஈ'. எழுத்தின் ஓசையும் ஈ, பூச்சியின் பெயரும் ஈ. எதை வாசிக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் எழுத்தைச் சோதிக்கும்போது படமில்லாத அட்டை தனியாக வேண்டும், 'ஈ'யைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

தடவுவதற்கு மணல்தாள், இழுத்தால் வெளிவருகிற படம், திறக்கிற கதவு என்று இருக்கிற எழுத்துப் புத்தகங்களையும் டிலோச்சும் சியோங்கும் சோதித்தார்கள். இரண்டரை முதல் மூன்று வயதுக் குழந்தைகள் அவற்றைவிடச் சாதாரணப் புத்தகத்தில்தான் எழுத்துகளை அதிகம் கற்றார்கள். விலங்குப் பெயர்களிலும் அதே கதை, விரித்தால் எழுந்து நிற்கிற படத்தைவிடத் தட்டை நிழற்படம் மேல்.

எண்ணுமணிகளும் அப்படியே. கூட்டல் கற்பிக்க மாம்பழம், வாழைப்பழம், வாத்து வடிவத்தில் வண்ண வண்ணமாகக் கொடுத்தால் பிள்ளைகள் கடை வைத்துவிடுவார்கள். புளியங்கொட்டை போதும். எல்லாம் ஒரே மாதிரி, தினமும் அதே கொட்டை. புதுமை தேய்ந்தால்தான் எண்ணிக்கை தெரியும். பெரிய பிள்ளைகளுக்கும் இது பொருந்துகிறது. 2009இல் வந்த ஓர் ஆய்வில் பணக் கணக்குக்கு நிஜ நோட்டுபோல அச்சிட்ட தாளும் நாணயமும் வைத்துக்கொண்ட மாணவர்கள் தொகை மட்டும் எழுதிய எளிய தாள் வைத்துக்கொண்டவர்களைவிட அதிகம் தவறினார்கள்.

செப்புச்சாமான்

கொஞ்சம் பொறுங்கள். இதே ஆய்வை முழுசாகச் சொல்லுங்கள். நிஜம்போன்ற நோட்டு வைத்தவர்களின் தவறுகளில் கருத்தே புரியாத தவறு குறைவு, கைப்பிழைதான் அதிகம். ஆக, நிஜத்தன்மையால் ஒரு பயனும் உண்டு. எல்லாச் சாமானையும் மொட்டையாக்கிவிட்டால் விளையாட்டு எங்கே போவது? செப்புச் சாமானில் குட்டி அம்மி, குட்டி ஆட்டுக்கல், உறி, குடம் எல்லாம் அச்சு அசலாக இருப்பதால்தான் பிள்ளைகள் சமைக்கிறார்கள்.

ஏழிலொன்று

இரண்டும் வேறு வேலை, அதனால்தான் முரண்போலத் தெரிகிறது. மாதிரி அறை தகவல் தர வேண்டும்: அங்கே இருப்பது இங்கேயும் இருக்கிறது என்று. பாசாங்கு விளையாட்டில் செப்புக்குடம் எந்தக் குடத்தைப் பற்றியும் தகவல் தருவதில்லை. அதில் 'தண்ணீர்' இருப்பதாகக் குழந்தையே வைத்துக்கொள்கிறது. அங்கே பொருளின் இழுப்பு தடையில்லை, ஏணி.

வயதைப் பாருங்கள். இரண்டு வயதுக்கு டம்ளர்போல இருக்கிற டம்ளர் வேண்டும். இரண்டரை வயதுக்குள் மரக்கட்டை ஒன்று டம்ளராகும். சீப்பைப் பேனாவாக்கு என்றால், அதாவது தனக்கென்று வேறு வேலை உள்ள ஒரு பொருளை மாற்றச் சொன்னால், மூன்று வயதுக்கும் அது கஷ்டம். பொருளே இல்லாமல் நடிப்பது அதற்கும் பின்னால். பல் விளக்குவதுபோல நடி என்று மூன்று நான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். விரலையே பிரஷ்ஷாக வாய்க்குள் விடும். இல்லாத பிரஷ்ஷைப் பிடித்த மாதிரி கையை முகத்துக்கு வெளியே நிறுத்துவது பெரிய பிள்ளைகளின் வேலை.

இந்த வரிசையில் மரப்பாச்சி நடுவில் நிற்கிறது: முகமுண்டு, நுணுக்கம் குறைவு, துணியைப் பிள்ளையே சுற்றிவிட வேண்டும். பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவத்தில் மணல் வீடு கட்டுகிற சிறுமிகள் அதை மிதித்துவிடாதே என்று கெஞ்சுவார்களே, அந்த மணல்வீட்டில் நிஜ வீட்டின் சாயல் ஒன்றுமே கிடையாது. கட்டுகிற பிள்ளைக்கு வயது கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும்.

கேள்விக்குறி

அப்போது குட்டிக் காருக்குள் காலை நுழைக்கிற பிள்ளை? அது பாசாங்கா, குழப்பமா? இணையத்தில் ஏகப்பட்ட வீடியோ சுற்றுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள்.

ஏழிலொன்று

குழப்பம்தான், ஆனால் வேறு வகை. 2004இல் டிலோச், யூட்டல், ரோசென்கிரன் மூவரும் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 18 முதல் 30 மாதக் குழந்தைகள். அறையில் ஏறி விளையாடுகிற சறுக்குமரம், உட்காருகிற நாற்காலி, உள்ளே ஏறி ஓட்டுகிற கார். குழந்தை இவற்றோடு விளையாடிய பிறகு வெளியே கூட்டிப்போய், திரும்பி வருமுன் அச்சாக அதே மாதிரி கையடக்கப் பிரதிகளை வைத்துவிடுகிறார்கள். குழந்தை வந்து குட்டி நாற்காலிமேல் மெனக்கெட்டு உட்கார்கிறது, சறுக்குமரத்தில் சறுக்கப் பார்த்து விழுகிறது, காரின் கதவைத் திறந்து காலை அழுத்துகிறது.

பாசாங்கு என்றால் சிரிப்பு இருக்கும், அம்மாவின் முகத்தைப் பார்க்கும். இங்கே முகம் சீரியஸாக இருக்கிறது, கால் நுழையவில்லை என்று மறுபடி முயல்கிறது. இன்னும் உற்றுப் பார்த்தால் குட்டிக் கதவைத் திறக்க விரல் நுனியைச் சரியான அளவுக்குக் குவிக்கிறது. அதாவது அளவு கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கும் தெரிகிறது. 'இது கார், காரில் ஏற வேண்டும்' என்ற முடிவை எடுத்தபோது மட்டும் அளவு உள்ளே போகவில்லை. இரண்டு வயதை ஒட்டி அதிகம், பிறகு தானாகப் போய்விடும். திருத்தவோ பயப்படவோ தேவையில்லை. உடைகிற கண்ணாடிப் பொம்மை நாற்காலியை மட்டும் அந்த வயதில் தரையில் வைக்காதீர்கள். நவராத்திரிக் கொலுவில் கீழ்ப்படி இருக்கிற வீடுகளுக்கு இது முக்கியம்.

அஆஇஈ

ஓவியம் பற்றி யாரும் சொல்லவில்லையே. மூன்று நான்கு வயதில் குச்சிமிட்டாயும் பலூனும் வரையச் சொன்னால் இரண்டும் ஒரு வட்டம், ஒரு கோடு. அந்நியர் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. புளூம், மார்க்சன் 1998இல் காட்டியது: கொஞ்சநேரம் கழித்துக் கேட்டாலும் குழந்தை எதை நினைத்து எதை வரைந்ததோ அதையே சொல்லும். படம் எதைப் போல இருக்கிறது என்பதைவிட, வரைந்தவர் எதை நினைத்தார் என்பதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது என்று அந்த வயதுக்கே தெரிந்திருக்கிறது. எனவே தாளின் பின்பக்கம் தேதியும், வரைந்த உடனே குழந்தை சொன்ன பெயரும் எழுதிவையுங்கள். "இது என்ன, முட்டையா?" என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள்.

மழலை_மேசை

கடைசியாக ஒன்று. ஒளிப்பதை வீடியோவாகக் காட்டினால் வேலை மிச்சமாகுமே?

ஏழிலொன்று

இரண்டு வயதுக்கு வேலை கூடும். 1998இல் டிரோசெத்தும் டிலோச்சும் செய்தார்கள். பக்கத்து அறையில் பொம்மை ஒளிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த 24 மாதக் குழந்தைகள் தவறாமல் எடுத்தார்கள். அதையே தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பாதித் தடவைகூடத் தேறவில்லை. 30 மாதத்தில் வீடியோவும் பலித்தது. தொலைக்காட்சிப் பெட்டியை மறைத்து, அதையே ஜன்னல் என்று நம்பவைத்தபோது சின்னவர்களும் முன்னேறினார்கள். சுருக்கும் இயந்திரத்தின் அதே தர்க்கம்.

வீடியோ அழைப்பு கொஞ்சம் வேறு. திரையில் இருப்பவர் குழந்தையின் பெயர் சொல்லி, அது செய்வதற்குப் பதில் சொல்லிப் பேசிவிட்டு அப்புறம் தகவல் சொன்னால் இரண்டு வயதுப் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. பதிவுசெய்த வீடியோவில் அது நடக்காது.

சொல்வளர்

இந்த இழையைப் படிக்கிற ஆலோசகர்களுக்கு ஒரு வரி. சிறு குழந்தையிடம் "உன்னை எங்க தொட்டாங்க, இந்தப் பொம்மையில காட்டு" என்று கேட்பது மேலே சொன்ன மாதிரி அறையின் அதே சிக்கல். பொம்மையைப் பொம்மையாகவும் பார்க்க வேண்டும், தன் உடம்பின் அடையாளமாகவும் பார்க்க வேண்டும். குழந்தையின் உடம்பில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, பொம்மையில் அதே இடத்தில் ஒட்டச் சொன்னபோதே இரண்டரை, மூன்று வயதினர் நிறையத் தடுமாறினார்கள். ஸ்டிக்கரில் தேறாத குழந்தை பொம்மையில் காட்டியதையோ காட்டாததையோ சான்றாக எடுக்காதீர்கள். திறந்த கேள்வி, குழந்தையின் சொந்த வார்த்தை, பிறகுதான் மற்றதெல்லாம்.

மழலை_மேசை

திட்டம் இப்படி மாறியிருக்கிறது. இரண்டரை வயதினர் 10 பேருக்கு முதல் நாள் நிழற்படம், மறுநாள் மாதிரி. மூன்றைத் தாண்டியவர்களுக்கு நேராக மாதிரி. ஃபோம் போர்டு, ஒரே துணி, 35 செ.மீ.க்கு 5 செ.மீ. நாய். மாதிரியை முன்கூட்டி விளையாடக் கொடுப்பதில்லை, நேரம் வரும்வரை போர்வையால் மூடிவைப்பது. தாளில் நான்கு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒளித்த இடம், முதலில் தேடிய இடம், இரண்டாம் தேடல். ஏதாவது விட்டுப்போயிற்றா?

ஏழிலொன்று

இரண்டு. நிஜ அறையில் நாயை ஒளிக்கிற உதவியாளர் குழந்தை தேடும்போது அங்கே நிற்கக் கூடாது. கண் கூடைப் பக்கம் போனால் குழந்தை கண்ணைப் பார்த்தே எடுத்துவிடும். இன்னொன்று, நாய் கிடைத்ததும் அதைக் குழந்தையிடமிருந்து பிடுங்காமல் வாங்குவதற்கு ஒரு பேச்சை இப்போதே யோசித்துவையுங்கள். "நாய் மறுபடி ஒளியப்போகுதாம்" என்பது பெரும்பாலும் போதும்.

செப்புச்சாமான்

மூன்றாவது ஒன்று. நாய் இரண்டு செட் செய்துகொள்ளுங்கள். ஒன்று முதல் நாளே எச்சிலாகிவிடும்.